பல மொழி நகரில் பொது வானொலியின் கடமை

(மக்கள் தொடர்பு சாதனங்களும் நகர வளர்ச்சியும் என்ற பொருள் பற்றி நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இந்தியாவில் முறையான வானொலி ஒலிபரப்பு தொடங்கிய ஊர் மும்பை. 1927 ஜூலை 23 அன்று, அந்நாளைய பம்பாயில், இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் முதல் நிலையத்தை வைசிராய் இர்வின் பிரபு திறந்து வைத்தார். அதற்குப் பிந்தைய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலத்தில் கருவிகள் மாறின, நிர்வாகம் மாறியது, ஊரின் பெயரும் மாறியது. ஆயினும் ஒரு கேள்வி மட்டும் அன்று போலவே இன்றும் நிற்கிறது. பொது மக்களின் பணத்தைக் கொண்டு நடைபெறும் வானொலி, ஒரே நகரில் வாழும் பல மொழியினருக்கும் பல பொருளாதார நிலையினருக்கும் எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதே அக்கேள்வி.

இக்கேள்விக்குப் புள்ளிவிவரங்களைக் கொண்டு விடையளிப்பது எளிது. நாடு விடுதலை பெற்ற 1947-இல் அகில இந்திய வானொலிக்கு 6 நிலையங்களே இருந்தன. நாட்டின் பரப்பில் 2.5 சதவீதத்தையும், மக்கள் தொகையில் 11 சதவீதத்தையும் மட்டுமே அவற்றின் ஒலிபரப்பு எட்டியது. இன்று அது 23 மொழிகளிலும் 179 வட்டார வழக்குகளிலும் நிகழ்ச்சிகளை வழங்குகிறது. மக்கள் தொகையில் 99 சதவீதத்தினரை எட்டுகிறது. இது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. எனினும், வானொலி அலை ஒரு வீட்டை எட்டுவது வேறு. அவ்வீட்டில் உள்ளோரின் வாழ்க்கைக்குத் தேவையான செய்தி அவர்களுக்குப் புரியும் மொழியில் எட்டுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மும்பையின் மூன்று பகுதிகளைக் கொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

மூன்று பகுதிகள், ஒரு மொழி

மாதுங்கா, செம்பூர், தாராவி ஆகிய மூன்றும் மும்பைத் தமிழர் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையவை. ரயிலில் சென்றால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சில நிமிடப் பயணமே. ஆனால் பொருளாதார நிலையில் அவற்றிற்கிடையே உள்ள தூரம் மிகப் பெரிது.

மாதுங்கா, படித்த தென்னிந்தியரின் முதல் குடியிருப்புகளுள் ஒன்று. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று, அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் வணிக நிறுவனங்களிலும் பணியாற்ற வந்தோர் அங்கு நிலைபெற்றனர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் நிறுவப்பட்டது. 1952-இல் சண்முகானந்தா சங்கீத சபை தோன்றியது. கோவில்களும் பஜனை சமாஜங்களும் உணவு விடுதிகளும் சூழ, கிங்ஸ் சர்க்கிள் வட்டாரம் தமிழ்ப் பண்பாட்டின் ஒரு மையமாக விளங்கி வருகிறது.

செம்பூரின் அமைப்பு வேறு. பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்த சிந்தி மக்கள் அங்குக் குடியமர்த்தப்பட்டனர். அருகிலுள்ள டிராம்பேயில் 1950-களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி ஆராய்ச்சி நிலையமும், பின்னர் உரத் தொழிற்சாலையும் எழுந்தன. பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் தொழிலாளர்களும் அங்கு வந்து சேர்ந்தனர். 1976-இல் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் சீத்தா கேம்ப் என்னும் இடத்தில் குடியேற்றப்பட்டன; அவர்களுள் தமிழ் பேசுவோர் கணிசமானவர். ஆகவே செம்பூர் வட்டாரத்தில் அடுக்குமாடியில் வாழும் தமிழரும் உண்டு. குடிசையில் வாழும் தமிழரும் உண்டு.

தாராவி முதலில் கோலி மீனவர்களின் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குத் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தபோது திருநெல்வேலிச் சீமையிலிருந்து இஸ்லாமியரும் ஆதிதிராவிடரும் வந்து சேர்ந்தனர். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவை அமைத்தனர். உத்தரப் பிரதேசத்திலிருந்து பூத்தையல் வேலை செய்வோர் வந்தனர். இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் இன்று பல லட்சம் மக்கள் வாழ்கின்றனர். தோல் பைகள், ஆயத்த ஆடைகள், மண்பாண்டங்கள், அப்பளம், பழைய பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்தல் எனப் பல தொழில்கள் அங்கு நடைபெறுகின்றன. காலையில் மும்பைத் தெருக்களில் விற்கப்படும் இட்லியில் பெரும் பங்கு தாராவித் தமிழர் இல்லங்களில் தயாராவதே.

மூன்று பகுதிகளிலும் தமிழ் கேட்கிறது. ஆனால் மாதுங்காவில் ஓய்வு பெற்ற அலுவலர் வானொலியிடம் எதிர்பார்ப்பதும், தாராவியில் தோல் பை தைக்கும் தொழிலாளி எதிர்பார்ப்பதும் ஒன்றல்ல. முன்னவர் நல்ல சங்கீதத்தையும் இலக்கிய உரையையும் நாடலாம். பின்னவருக்கும் இசை வேண்டும்; அதனுடன், குடிநீர் எப்போது வரும், எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சை கிடைக்கும், குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க யாரை அணுகுவது என்ற விவரங்களும் வேண்டும். மொழியை மட்டும் கணக்கிட்டுத் திட்டமிடும் வானொலி, அம்மொழியினருள் வசதி படைத்தோரின் தேவையை முதலில் நிறைவு செய்துவிட்டுக் கடமை முடிந்ததென எண்ணிவிடக்கூடும்.

வரலாறு தரும் பாடம்

இந்திய ஒலிபரப்பு தொடக்கத்திலேயே இப்பாடத்தைக் கற்றது. 1927-இல் தொடங்கிய கம்பெனி, வானொலிப் பெட்டி வைத்திருப்போர் செலுத்தும் ஆண்டுக்கு 10 ரூபாய் உரிமக் கட்டணத்தையே பெரிதும் நம்பியிருந்தது. பெட்டி வாங்கும் வசதி நகரத்துச் செல்வந்தர் சிலருக்கே இருந்தது. நேயர் குறைவாக இருந்ததால் வருவாய் குறைந்தது. வருவாய் குறைந்ததால் நிகழ்ச்சிகளை விரிவாக்க இயலவில்லை. 1930-இல் கம்பெனி மூடப்பட்டு, ஒலிபரப்பு அரசின் பொறுப்பில் வந்தது. 1936-இல் அதற்கு அகில இந்திய வானொலி என்ற பெயர் அமைந்தது. பணம் செலுத்தக்கூடியவரை மட்டும் நேயராகக் கொண்டால் வானொலி நிலைபெறாது என்பதை அந்த மூன்றாண்டு அனுபவம் தெளிவாக்கியது.

விடுதலைக்குப் பின் வானொலி வளர்ச்சிப் பணியில் ஈடுபடுத்தப்பட்டபோது இரண்டு முயற்சிகள் சிறப்பாக வெற்றி பெற்றன. முதலாவது, 1956-இல் புனே வட்டாரத்தில் யுனெஸ்கோவின் துணையுடன் நடைபெற்ற கிராம வானொலி மன்றச் சோதனை. ஐந்து மாவட்டங்களைச் சேர்ந்த 150 கிராமங்களில் மன்றங்கள் அமைக்கப்பட்டன. வாரம் இருமுறை, அரை மணி நேரம், பத்து வாரங்கள் மராத்தியில் நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. கிராமத்தார் கூடிக் கேட்டனர், கேட்டதை விவாதித்தனர், தங்கள் ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினர். கேள், விவாதி, செயல்படு என்பதே அம்மன்றங்களின் முழக்கம். இச்சோதனையை மதிப்பிட்டது டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். செம்பூரை அடுத்த தேவனாரில், தாராவியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் அந்நிறுவனம் இன்றும் இயங்கி வருகிறது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

இரண்டாவது முயற்சி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 1960-களில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் தஞ்சை விவசாயிகளிடையே ஆடுதுறை 27 என்ற நெல் வகையைப் பரப்பின. விதை, உரம், நடவு, பூச்சி மருந்து என்று பருவத்துக்கேற்ற விவரங்கள் நாள்தோறும் சொல்லப்பட்டன. அந்த நெல்லுக்கு மக்களே 'ரேடியோ நெல்' என்று பெயர் சூட்டினர்.

இவ்விரு வெற்றிகளுக்கும் காரணம் ஒன்றே. நேயரின் மொழி, அவர் வாழும் இடம், அவர் செய்யும் தொழில் ஆகிய மூன்றும் ஒரே நிகழ்ச்சியில் ஒன்றுகூடின. தஞ்சை விவசாயிக்கு அவருடைய தமிழில், அவருடைய வயலைப் பற்றி, அவர் மறுநாள் செய்ய வேண்டிய வேலை சொல்லப்பட்டது. கிராமத்தில் இம்மூன்றும் இயல்பாகவே இணைந்திருக்கின்றன. பிழைப்புக்காக மக்கள் வந்து குவிந்த பெருநகரில் அவை பிரிந்து நிற்கின்றன. அங்குதான் பொது வானொலிக்குச் சிக்கல் எழுகிறது.

மொழி வந்தது, ஊர் வரவில்லை

1960 மே 1 அன்று மகாராஷ்டிர மாநிலம் உருவானது. மும்பை நிலையம் மராத்திக்கு முதன்மை அளித்தது முற்றிலும் நியாயமே. மாநிலத்தின் மொழி அது, மண்ணின் மக்களுடைய மொழியும் அது. தொழிலாளர்களுக்கென அந்நிலையம் மராத்தியில் நடத்திய 'காம்கார் சபா' நிகழ்ச்சி ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் புகழ் பெற்றிருந்தது. 1957-இல் தொடங்கிய விவித பாரதி இந்தித் திரைப்பாடல்களை எல்லா மொழியினருக்கும் கொண்டு சென்றது.

மும்பைத் தமிழருக்குத் தமிழ் ஒலி வேறு திசைகளிலிருந்து வந்தது. மத்திய அலை பகலில் நிலத்தை ஒட்டிச் சென்று குறைந்த தொலைவையே எட்டும். இரவில் வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்புவதால் நெடுந்தொலைவு செல்லும். சிற்றலைக்கோ கடலும் மலையும் தடையல்ல. எனவே தமிழ் நேயர் இரவு நேரங்களில் பெட்டியின் முள்ளைத் திருப்பித் தொலைதூர நிலையங்களைத் தேடுவது வழக்கமாயிற்று. இலங்கை வானொலியின் திரைப்பாடல்களும், தில்லியிலிருந்து ஒலித்த தமிழ்ச் செய்தியறிக்கையும் அவர்களைச் சேர்ந்தன. அச்செய்தியறிக்கையின் வாயிலாகத் தமிழர் இல்லந்தோறும் அறியப்பட்ட சரோஜ் நாராயணசுவாமி 2022-இல் காலமானது மும்பையில்தான்.

இன்று நிலைமை மேலும் முன்னேறியுள்ளது. கைப்பேசிச் செயலி வாயிலாக நாட்டின் இருநூறுக்கும் மேற்பட்ட வானொலிச் சேவைகளை எங்கிருந்தும் கேட்கலாம். தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் அமர்ந்துகொண்டு சென்னை, திருச்சி நிலையங்களைத் தெளிவாகக் கேட்க இயலும். மொழிச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று இதைக் கொண்டு முடிவு கட்டுவது அவசரமாகும். சென்னை நிலையம் சென்னையின் மழையைச் சொல்லும். மும்பையின் மழையைச் சொல்லாது. திருச்சி நிலையம் காவிரியில் திறந்துவிடப்பட்ட நீரின் அளவைச் சொல்லும். மித்தி ஆற்றில் வெள்ளம் ஏறுவதைச் சொல்லாது. தமிழ்நாடு அரசின் திட்டங்களை விளக்கும். மகாராஷ்டிர அரசும் மும்பை மாநகராட்சியும் வெளியிடும் அறிவிப்புகளை விளக்காது. அவ்வாறு விளக்க வேண்டும் என்று அந்நிலையங்களிடம் எதிர்பார்ப்பதும் முறையன்று.

ஆக, தாராவித் தமிழர் ஒருவருக்கு மொழி ஒரு நிலையத்திலிருந்து வருகிறது. அவர் வாழும் ஊரின் செய்தி வேறொரு நிலையத்திலிருந்து, வேறு மொழியில் வருகிறது. இரண்டும் சந்திக்கும் நிகழ்ச்சி தேவைப்படுகிறது. கும்பார்வாடாவின் குஜராத்தி பேசும் குயவருக்கும், செம்பூரின் சிந்தி முதியவருக்கும், உருது பேசும் தையற்காரருக்கும் இதே நிலை வெவ்வேறு அளவில் பொருந்தும்.

செய்தியின் பொருளாதார மதிப்பு

பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் இதனை வேறொரு கோணத்திலும் நோக்கலாம். செய்தியும் ஒரு பொருளே. அதைப் பெறுவதற்கு ஒரு விலை உண்டு. வசதியுள்ளவர் செய்தித்தாள் வாங்குகிறார்; இணையத்தில் தேடுகிறார்; வழக்கறிஞரைக் கேட்கிறார். வசதியற்றவர் அரை நாள் கூலியை இழந்து அலுவலகத்துக்குச் சென்று வரிசையில் நிற்கிறார். அல்லது இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கிறார். படிவத்தின் மொழி புரியாதபோது இச்செலவு மேலும் கூடுகிறது. இவ்வாறு, ஏழை ஒருவர் அதே செய்திக்குச் செல்வரைவிட அதிக விலை கொடுக்க நேர்கிறது.

வானொலி இவ்விலையைக் குறைக்க வல்லது. ஒரு நேயர் கேட்பதால் மற்றொருவருக்குக் கிடைப்பது குறைவதில்லை. நேயர் ஆயிரமாயினும் லட்சமாயினும் ஒலிபரப்பின் செலவு ஒன்றே. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம். தையல் இயந்திரத்தின் முன்னும் அடுப்பின் முன்னும் குயவுச் சக்கரத்தின் முன்னும் இருப்பவருக்குக் கண்ணும் கையும் ஓய்வதில்லை. காது மட்டுமே ஓய்வாக உள்ளது. உடல் உழைப்பாளரின் வேலை நேரத்தைக் கெடுக்காத சாதனம் வானொலி ஒன்றே எனலாம். வானொலிப் பெட்டிக்கான உரிமக் கட்டணமும் 1980-களில் நீக்கப்பட்டுவிட்டது.

எனினும் தனியார் சந்தை இச்சேவையைத் தானாக வழங்காது. தனியார் பண்பலை நிலையம் விளம்பரதாரரின் பணத்தில் நடைபெறுவது. பொருள் வாங்கும் சக்தி குறைந்த ஒரு சிறு மொழிப் பிரிவினருக்காக நேரம் ஒதுக்குவது அதற்கு இலாபகரமானதன்று. மேலும், இந்தியாவில் தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தியறிக்கை தயாரித்து ஒலிபரப்ப அனுமதி பெறவில்லை. ஆகவே நகரின் செய்தியை வானொலி வழியே எல்லா மொழியினருக்கும் கொண்டு செல்லும் பொறுப்பு பொது ஒலிபரப்பு நிறுவனத்தையே சார்கிறது.

செய்தி கிடைக்காததால் ஏற்படும் இழப்பு எத்தகையது என்பதற்கு மும்பையின் அண்மைக்கால வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நிகழ்ந்த கலவரங்களில் தாராவியும் பாதிக்கப்பட்டது. அத்தகைய நாட்களில் வதந்தியே ஆயுதமாகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு கரை புரண்டது, மின்சாரம் துண்டிக்கப்பட்டது, கைப்பேசி இணைப்புகள் செயலிழந்தன. மின்கலத்தில் இயங்கும் சிறிய வானொலிப் பெட்டியின் அருமை அத்தகைய இரவுகளில்தான் புலப்படும். 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனாத் தொற்று கண்டறியப்பட்டது. மாநகராட்சி ஊழியரும் தனியார் மருத்துவரும் வீடு வீடாகச் சென்று காய்ச்சல் உள்ளோரைக் கண்டறிந்தனர்; அம்முயற்சியை அதே ஆண்டு ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் பாராட்டினார். மக்கள் தங்களைச் சோதனைக்கு உட்படுத்திக்கொள்ள முன்வருவதற்கு நம்பிக்கை தேவை. நம்பிக்கைக்குத் தாய்மொழியே குறுக்கு வழி.

இப்போது தாராவி மக்களை எதிர்நோக்கியிருப்பது அவற்றினும் நீண்ட காலம் நிலைக்கக்கூடிய ஒரு மாற்றம். 2004-இல் கருக்கொண்ட தாராவி மறுமேம்பாட்டுத் திட்டத்துக்காக 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பதாக நிறுவும் குடும்பத்துக்குத் தாராவியிலேயே 350 சதுர அடியில் இலவச வீடு என்பது விதி. பின்னர் வந்தோருக்கும் மேல்தளத்தில் வசிப்போருக்கும் வேறு நிபந்தனைகளின்படி, தாராவிக்கு வெளியே ஏற்பாடு. எந்த ஆவணம் ஏற்கப்படும், எந்த நாளுக்குள் அளிக்க வேண்டும், மறுக்கப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்பவை ஒவ்வொரு குடும்பத்தின் எதிர்காலத்தையும் தீர்மானிக்கும் விவரங்கள். நாற்பது ஆண்டுகளாக அங்கு வாழும் ஒரு மூதாட்டி, பழைய குடும்ப அட்டை ஒன்றை அளிக்கத் தவறியதால் தம் உரிமையை இழக்க நேரிட்டால், அதற்கு அவருடைய அறியாமையை மட்டும் காரணமாகக் கூற முடியாது. திட்டம் நல்லதா, குறைபாடுள்ளதா என்று வாதிடுவோர் இரு தரப்பிலும் உள்ளனர். அதன் விதிகள் பாதிக்கப்படுவோருக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

அயல்நாட்டு அனுபவம்

ஆஸ்திரேலியாவில் 1975-இல் மெடிபேங்க் என்னும் தேசிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அறிமுகமானது. ஆங்கிலம் அறியாத குடியேறிகளுக்கு அதனை விளக்குவதற்காகவே சிட்னியிலும் மெல்போர்னிலும் பல மொழி வானொலி நிலையங்கள் தற்காலிகமாகத் தொடங்கப்பட்டன. தேவை தொடர்ந்ததால் அவை நிலைபெற்று, 1978-இல் சிறப்பு ஒலிபரப்புச் சேவை என்ற நிறுவனமாக வளர்ந்தன. இன்று அறுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஒலிபரப்பும் அந்நிறுவனத்தில் தமிழும் இடம் பெற்றுள்ளது. இங்குக் கவனிக்க வேண்டியது அதன் தொடக்கம். ஓர் அரசுத் திட்டம் பயனாளிகளைச் சென்றடைய வேண்டும் என்ற நிர்வாகத் தேவையிலிருந்தே அச்சேவை பிறந்தது.

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பி.பி.சி.யின் உள்ளூர் நிலையம் 1976-இல் தெற்காசிய மக்களுக்கென அன்றாட நிகழ்ச்சியைத் தொடங்கியது. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் 1980-இல் தொடங்கிய 'ரேடியோ பிலிங்குவே', மெக்ஸிகோவிலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளருக்கு ஸ்பானிய மொழியிலும், அவர்களுள் மேலும் நலிந்த பிரிவினருக்கு மிஷ்டெக் என்னும் பூர்வகுடி மொழியிலும் நிகழ்ச்சிகளை வழங்கி வருகிறது. ஒரே நாட்டிலிருந்து வந்தோரையும் ஒரே கூட்டமாகக் கருதாத இவ்வணுகுமுறை, மாதுங்காவையும் தாராவியையும் ஒன்றாகக் கருதலாகாது என்பதற்கு அரண் செய்கிறது.

சில ஆட்சேபணைகள்

இக்கருத்துக்கு மறுப்பாகச் சிலவற்றைக் கூறலாம். மகாராஷ்டிரத்தில் வாழ்வோர் மராத்தி கற்க வேண்டும். தனி நிகழ்ச்சிகள் அவர்களைத் தனிமைப்படுத்தும் என்பது முதலாவது. மராத்தி கற்க வேண்டும் என்பது மறுக்க முடியாதது. ஆயினும் கற்கும் வரையில் வெள்ளமும் நோயும் காத்திருப்பதில்லை. மராத்தியைத் தமிழின் வழியாகக் கற்பிக்கும் பாடங்களையும், மராத்தி மக்களின் வாழ்வைத் தமிழில் அறிமுகப்படுத்தும் உரைகளையும் அதே நிகழ்ச்சியில் சேர்த்தால், அது சுவராக இராது, வாயிலாக அமையும்.

தாராவியில் பிறந்த இளைய தலைமுறையினர் இந்தியும் மராத்தியும் சரளமாகப் பேசுகின்றனர். இன்னும் சில ஆண்டுகளில் இத்தேவையே இராது என்பது இரண்டாவது. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் முதியோரும், திருமணமாகிப் புதிதாக ஊரிலிருந்து வரும் பெண்களும், வேலை தேடி வரும் இளைஞரும் எப்போதும் இருந்துகொண்டே இருப்பர். பெருநகரில் குடிபெயர்ச்சி ஒரு தலைமுறையோடு முடிவதில்லை.

கைப்பேசி வந்தபின் வானொலியைக் கேட்பார் யார் என்பது மூன்றாவது. கைப்பேசியில் செய்தி மிகுதி, பொறுப்பேற்பார் குறைவு. யார் அனுப்பியது என்றறிய முடியாத ஒலிப்பதிவு ஒன்று ஒரு மணி நேரத்தில் ஒரு வட்டாரத்தையே கலங்கச் செய்யும். பொது வானொலியின் நிகழ்ச்சியும் அதே கைப்பேசியில் ஒலிக்கலாம். சொல்பவர் யார், தவறினால் யாரைக் கேட்பது என்ற தெளிவு அதில் இருக்கும்.

செய்யக்கூடியவை

புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 1990-ஆம் ஆண்டின் பிரசார் பாரதி சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நாட்டின் பல்வேறு பண்பாடுகளுக்கும் மொழிகளுக்கும் உரிய இடமளித்தல், உழைக்கும் வகுப்பினரின் உரிமைகளைக் காத்தல், தீண்டாமை முதலிய தீமைகளை எதிர்த்தல், நலிவுற்றோருக்கும் சிறுபான்மையினருக்கும் ஏற்ற நிகழ்ச்சிகளை அளித்தல் ஆகியவற்றை ஒலிபரப்பு நிறுவனத்தின் கடமைகளாக வகுத்துள்ளது. ஒவ்வொரு மாநிலத்திலும் அம்மாநிலத்தின் 'மொழிகளில்' ஒலிபரப்பு அமைய வேண்டும் என்றும் அது பன்மையில் கூறுகிறது. 1995-இல் உச்ச நீதிமன்றம் வானொலி அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. பொதுச் சொத்தில் குடிசைவாசிக்கும் பங்குண்டு.

முன்மாதிரிக்கும் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மும்பை மாநகராட்சி தன் பள்ளிகளில் மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் ஆகிய எட்டு மொழிகளில் கல்வி அளித்து வந்துள்ளது. குழந்தைக்கு அதன் மொழியில் எழுத்தறிவிக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்ட நகரம், தாய்க்கு அவருடைய மொழியில் நகரின் செய்தியை அறிவிக்க வேண்டும் என்பதையும் ஏற்கும்.

முதற்படியாக, மும்பை நிலையம் நகரின் சிறுபான்மை மொழிகள் ஒவ்வொன்றிலும் நாள்தோறும் பத்து நிமிட நகரச் செய்தி மடல் ஒன்றை வழங்கலாம். தயாரிப்பில் சென்னை, அகமதாபாத் போன்ற பிற நிலையங்களின் மொழித் திறனைப் பயன்படுத்தலாம். விவரங்களை மும்பை நிலையம் அளிக்கலாம். ஒலிபரப்பு நேரம் நேயரின் வேலையை ஒட்டி அமைய வேண்டும். இட்லி விற்பவர் விடியலுக்கு முன் எழுகிறார். தையற்காரர் நள்ளிரவு வரை வேலை செய்கிறார். நண்பகலில் இலக்கிய நேரத்துக்குப் பின் அளிக்கப்படும் நிகழ்ச்சி இருவருக்கும் பயன்படாது.

இரண்டாவதாக, சமுதாய வானொலியைப் பயன்படுத்தலாம். 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வுரிமை விரிவாக்கப்பட்டது. ஜகீராபாத் வட்டாரத்தில் 2008 முதல் தலித் பெண்கள் தாங்களே நடத்தி வரும் சங்கம் ரேடியோ, எளிய மக்கள் ஒலிவாங்கியின் மறுபுறத்திலும் அமர முடியும் என்பதை மெய்ப்பித்துள்ளது. 100 வாட் ஆற்றலுள்ள ஒலிபரப்பி தாராவி முழுமைக்கும் போதுமானது.

மூன்றாவதாக, 1956-ஆம் ஆண்டின் கேட்போர் மன்றங்களைத் தாராவியின் சந்துகளில் புதுப்பிக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுக்களும், தமிழ்ச் சங்கங்களும், கோவில், பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதற்குத் துணை செய்யலாம். மன்றத்தின் கேள்விகள் வானொலி நிலையத்துக்கும், அங்கிருந்து உரிய அலுவலருக்கும் செல்ல வேண்டும். அலுவலர் அளிக்கும் விடை, பெயரும் தேதியும் குறிப்பிட்டு ஒலிபரப்பாக வேண்டும்.

இங்குக் கூடியுள்ள அலுவலர்கள் கடைசியாகக் குறிப்பிட்டதைச் சிறப்பாகக் கருத்தில் கொள்ள வேண்டும். ஒலிபரப்பிய மணிக்கணக்கை அறிக்கையில் எழுதுவது எளிது. கேட்ட கேள்விகளுள் எத்தனைக்கு விடை கிடைத்தது என்று எழுதுவதே உண்மையான அளவீடு. கிராம வானொலி மன்றங்களுக்கு உயிரளித்தது நேயரிடமிருந்து நிலையத்துக்குத் திரும்பி வந்த அஞ்சலட்டையே. மாணவர்களுக்கும் இதில் பணி உண்டு. மாதுங்கா, செம்பூர் கல்லூரிகளில் பயில்வோர் தாராவியின் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, அங்குள்ளோர் எந்தச் செய்தியை எவ்வழியே, எவ்வளவு செலவில் பெறுகின்றனர் என்று ஆராய்ந்தால், நிகழ்ச்சித் திட்டமிடலுக்கு அதுவே அடிப்படையாகும்.

இன்னும் சில ஆண்டுகளில் தாராவியின் தாழ்ந்த கூரைகள் இருந்த இடத்தில் உயர்ந்த கட்டடங்கள் எழக்கூடும். யார் அங்கு வாழ்வர், யார் வெளியேறுவர் என்பது இப்போது நிரப்பப்படும் படிவங்களால் முடிவாகும். ஒரு நூற்றாண்டுக்கு முன் இந்நகரில் ஒலிபரப்பு தொடங்கியபோது, 10 ரூபாய் கட்டணம் செலுத்த முடிந்தவர் மட்டுமே அதன் நேயர். இன்று கட்டணம் இல்லை. மொழி என்னும் கட்டணத்தையும் நீக்கிவிட்டால், பொது வானொலி தன் பெயருக்கு முழுமையாக உரியதாகும்.